வளைபாதம்: பிளாஸ்டர் அறை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பெற்றோர், போவதற்கு முன்பும் வந்த பின்பும் என்னிடம் கேட்பவை இவை. நான் எலும்புப் பிரிவில் பிளாஸ்டர் (மாவுக்கட்டு) போடும் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னைச் சந்தையில் நிறுத்திக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். இளம் டாக்டர்கள் கேட்டதும் ஒன்றிரண்டு உண்டு. உங்கள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எங்க பாப்பாவுக்கு ரெண்டு பாதமும் உள்பக்கமா திரும்பியிருக்கு. இதுதான் வளைபாதமா?

கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பாதம் சுலபமாக நேர்நிலைக்கு வந்து, மேல்பக்கமும் மடங்கினால், அது வயிற்றுக்குள் இடநெருக்கடியில் சாய்ந்திருந்த கால். பெரும்பாலும் தானாகச் சரியாகும். திருப்பினால் வராமல் விறைப்பாக நின்று, குதிகால் மேலே ஏறியும் உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்தும் இருந்தால் அது வளைபாதம். எதுவானாலும் கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) வீட்டுக்கு வரும்போது காட்டிவிடுங்கள்.

ஏறக்குறைய 1000 பிறப்புக்கு ஒரு பிள்ளைக்கு இப்படி வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு. பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். டாக்டர் காலோடு நிற்காமல் முதுகையும் இடுப்பையும் சேர்த்துப் பார்ப்பார். பயப்பட வேண்டாம், முதுகுத்தண்டுக் கோளாறோடு வரும் வளைபாதத்துக்கு வைத்தியம் கொஞ்சம் கடினம், அதனால் பார்க்கிறார்.

மாசமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போயிட்டேன். மாமியார் அதையே சொல்லிக் காட்டுறாங்க.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் பால்மரம் வெட்டப் போனதாலும் இல்லை, குனிந்து செம்பனைப் பழம் பொறுக்கியதாலும் இல்லை. ஏன் வருகிறது என்பது பெரும்பாலான பிள்ளைகளில் முழுசாகத் தெரிவதில்லை. குடும்ப வழி ஒரு காரணம். கர்ப்பத்தில் சிகரெட் புகை ஆபத்தைக் கூட்டுகிறது. மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் வீட்டுப் பக்கம் யாருக்காவது கால் கோணலாக இருந்ததா என்றும் கேட்டு வையுங்கள். டாக்டர் அதைக் கேட்பார்.

பாட்டி எண்ணெய் போட்டு தினமும் உருவி விட்டா சரியாயிடாதா?

நேர்நிலைக்கு வருகிற கால் என்றால், பாட்டி உருவினாலும் உருவாவிட்டாலும் சரியாகும். பேர் பாட்டிக்குப் போகும். விறைப்பான வளைபாதம் அப்படி வராது. கையால் தினமும் நீவிச் சரிசெய்யும் முறை ஒன்று பிரான்சில் உண்டுதான். ஆனால் அதைச் செய்பவர்கள் அதற்கென்றே பயின்ற பிசியோக்கள். நீவிய பிறகு ஒட்டுத்துணியும் கட்டையும் வைத்துக் காலை அந்த நிலையிலேயே பிடித்து வைப்பார்கள். குளிப்பாட்டும்போது காலை இழுத்து விடுவதில் எந்த எலும்பு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. முன்பாதத்தை மட்டும் பலமாக வெளியே தள்ளினால் கெடுதலும் உண்டு. ஏன் என்பதைக் கீழே டாக்டர்களின் பயிற்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எப்ப ஆரம்பிக்கணும்? எங்க போகணும்? எவ்வளவு செலவாகும்?

பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஆரம்பிப்பது நல்லது. ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்து ஓட வேண்டிய அவசரம் இல்லை. அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, எலும்பு நிபுணரைப் பார்க்கப் போங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). பிறப்புப் பத்திரத்தை உடனே எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் நின்றால் அயல்நாட்டார் கட்டணத்துக்கு இழுத்துவிடும். தோட்டத்துக் குடும்பங்கள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டரைவிடப் பின்னால் வரும் கம்பிச் சப்பாத்துக்குத்தான் (காலணிக்குத்தான்) காசு. அதற்கு முதல் மாதமே ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகநலப் பிரிவில் மனுப் போடுங்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

அப்படி என்னதான் செய்வாங்க? ஏன் வாராவாரம் புதுசா பிளாஸ்டர்?

இந்த முறைக்கு, அதை உருவாக்கிய டாக்டரின் பெயரால், பொன்செட்டி முறை என்று பெயர். பிறந்த பிள்ளையின் பாத எலும்புகள் பெரும்பாலும் இன்னும் குருத்தெலும்புதான். அவற்றைக் கட்டும் நார்களும் இளகும். டாக்டர் பாதத்தை மெல்ல, வருகிற அளவுக்கு மட்டும் திருப்புவார். அந்த நிலையில் விரல் நுனியிலிருந்து தொடை வரை, முழங்காலை மடக்கி, பிளாஸ்டர் போடுவோம். ஒரு வாரத்தில் நார்கள் அந்த நிலைக்குப் பழகும். பிறகு கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுசு. பொதுவாக 5 முதல் 7 பிளாஸ்டர்.

முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. உருண்டையான அந்தக் குட்டிக் காலில் அது வழுக்கி இறங்கிவிடும்; பாதம் திரும்பிய திருப்பத்தையும் பிடித்து வைக்காது.

முதல் பிளாஸ்டரைக் கழட்டினப்ப பாதம் இன்னும் மோசமா உள்ளே திரும்பியிருந்துச்சே, தப்பா போட்டுட்டாங்களா?

இல்லை, அது சரியாகப் போட்டதன் அடையாளம். வளைபாதத்தில் உள்ளங்கால் குழிந்திருக்கும். முதலில் அந்தக் குழியை எடுக்க வேண்டும். அதற்குப் பெருவிரல் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். அப்போது பாதம் மொத்தமாக உள்ளே சாய்ந்த மாதிரிதான் தெரியும். அதற்குப் பிறகு வெளியே திருப்புவது, கடைசியாகக் குதிகாலைக் கீழே இறக்குவது. இந்த வரிசையை மாற்றக்கூடாது. மூன்றாவது பிளாஸ்டர் கழற்றும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

வீட்டுல பிளாஸ்டரை எப்படிப் பார்த்துக்கறது? தடுப்பூசிக்கு என்ன செய்றது?

வீட்டுக்கு வந்ததும் விரல் நுனி பிளாஸ்டரில் எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் விரல்கள் கோட்டுக்கு உள்ளே போய்விட்டால் பிளாஸ்டர் கழன்று இறங்குகிறது. விரல் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இறங்கிய பிளாஸ்டர் பாதத்தை நசுக்கி, சாதாரண வளைபாதத்தைச் சிக்கலான பாதமாக மாற்றிவிடும். பெருவிரலை அழுத்தி விடுங்கள்: வெளுத்து, உடனே சிவப்பு திரும்ப வேண்டும். நீலமாகவோ வெளுத்தோ, குளிர்ந்தோ நின்றால் அப்போதே கிளம்புங்கள்.

குளிப்பாட்ட முடியாது, ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். பேம்பர்ஸின் விளிம்பு பிளாஸ்டரின் மேல்விளிம்பைத் தாண்டிக் கீழே வராமல் இருக்கட்டும். 2, 3, 5 மாதத் தடுப்பூசிகளைத் தொடையில் போடுவார்கள். இரண்டு தொடையும் பிளாஸ்டரில் இருந்தால் ஊசி நாளையும் பிளாஸ்டர் மாற்றும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மிஸ்ஸியிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஊசியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எலும்பு டாக்டர்னா ஆப்பரேஷன் செய்யத்தானே படிச்சிருக்காரு? வெட்டாம செய்றதுக்கு அவருக்கு எதுக்குத் தனிப் பயிற்சி?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. கேட்டவர் ஒரு மண்டோர் (தோட்டத்துக் கங்காணி).

மருத்துவப் படிப்பு, ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்), எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) வேலை எல்லாம் முடித்து, அதன்மேல் 4 ஆண்டு மாஸ்டர் படித்துத்தான் ஒருவர் எலும்பு அறுவை நிபுணர் ஆகிறார். அந்த ஆண்டுகளில் அவர் பார்ப்பதில் பெரும்பங்கு மோட்டார் விபத்தில் முறிந்த எலும்பு. துளை போடுவதிலும் தகடு வைப்பதிலும் ஸ்குரூ முடுக்குவதிலும் கை பழகிவிடுகிறது. வளைபாதமோ 1000 பிறப்புக்கு ஒன்று. குழந்தைகள் எலும்புப் பிரிவில் அவர் இருக்கும் சில மாதங்களில் வருவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் காலைப் பிடிப்பவர் மூத்த டாக்டராக இருப்பார்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று கேட்டால், கட்டைவிரலை எங்கே வைப்பது என்பதைத்தான். வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அது தாலஸ் என்னும் கணுக்கால் எலும்பின் தலை. பிறந்த பிள்ளையின் பாதம் மொத்தமே என் சுட்டுவிரல் நீளம். எக்ஸ்ரேயிலும் பாதி எலும்பு தெரியாது. விரல் நுனியால்தான் பார்க்க வேண்டும். அந்த மேட்டில் கட்டைவிரலை வைத்து அசையாமல் தாங்கிக்கொண்டு, மறுகையால் முன்பாதத்தை வெளியே கொண்டுபோக வேண்டும். கதவு கீலில் திரும்புவதுபோல் முழுப் பாதமும், குதிகால் உட்பட, அந்த மேட்டைச் சுற்றித் திரும்பும். குதிகாலைத் தொடவே கூடாது.

ஹிராம் கைட் என்ற அமெரிக்க அறுவை நிபுணரும் பிளாஸ்டராலேயே வைத்தியம் செய்தவர்தான். ஆனால் அவர் கட்டைவிரலை வைத்தது இன்னும் முன்னால், பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில். அங்கே அழுத்தினால் குதிகால் பூட்டிக்கொள்ளும்; வெளியே வராது. அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிளாஸ்டர் தேவைப்பட்டது. ஓரிரு சென்டிமீட்டர் இடம் மாறியதன் பலன் இது. பொன்செட்டி அதைக் ‘கைட்டின் பிழை’ என்றே எழுதினார். குதிகால் உள்ளேயே இருக்கும்போது பலவந்தமாகப் பாதத்தை மேலே தள்ளினால் நடுப்பாதம் ஒடிந்து, உள்ளங்கால் படகின் அடிபோல் குவிந்துவிடும். பாட்டி உருவுவதைப் பற்றி மேலே சொன்னதும் இதனால்தான்.

இது இவ்வளவு நல்ல முறைன்னா எங்க மாமாவுக்கு ஏன் அந்தக் காலத்துல காலைக் கிழிச்சு ஆப்பரேஷன் செஞ்சாங்க?

அப்போது உலகம் முழுக்க அதுதான் வழக்கம். இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் 1914-ல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு மெக்சிகோ வழியாக 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முன்பு அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். பாதம் நேராக இருந்தது. ஆனால் விறைத்து, வலித்தது. அதிலிருந்துதான் 1940-களின் கடைசியில் தன் முறையை உருவாக்கினார். 1963-ல் கட்டுரையும் வந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1970-களில் பாதத்தின் உள்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்து எல்லா நார்களையும் விடுவிக்கும் அறுவை பிரபலமாகிவிட்டது.

1995-ல் அவருடைய பழைய நோயாளிகளை 30 ஆண்டுக்குப் பிறகு பார்த்த ஆய்வு வந்தது. வளைபாதத்தோடு பிறந்தவர்களில் நூற்றுக்கு 78 பேருடைய பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. பிறவிக் குறையே இல்லாதவர்களை அதே அளவுகோலில் பார்த்தபோது 85. அதன் பிறகும் டாக்டர்களைவிட வேகமாக இதைப் பரப்பியவர்கள், இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பெற்றோர்கள். பொன்செட்டி 2009-ல் தம் 95 வயதில் இறக்கும்போது உலகமே அவர் முறைக்கு வந்திருந்தது. மாமாவின் டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கற்றதைச் செய்தார்.

நான் எம்.ஓ. அண்ணே. ரெண்டு நாள் பட்டறை போயிட்டு வந்தா நானே போடலாமா?

பட்டறையில் ரப்பர் நார்களால் கட்டிய எலும்பு மாதிரிப் பாதத்தைத் தருவார்கள். அதில் கட்டைவிரல் இடத்தைக் கண்டுபிடிப்பது நல்ல பழக்கம். மாதிரிப் பாதம் அழாது, உதைக்காது. திரும்பி வந்ததும் மூத்தவர் பிடிக்கும்போது அவர் விரல்மேல் உங்கள் விரலை வையுங்கள். அடுத்து நீங்கள் பிடியுங்கள், அவர் விரல் உங்கள் விரல்மேல் இருக்கட்டும். பிளாஸ்டர் சுற்ற ஆரம்பித்த பிறகு விரலை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். நகர்த்தி நகர்த்தி வடிவம் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தோல் புண்ணாகும். பஞ்சு மெல்லிசாக. நான் சுற்றும்போது டாக்டர் பிடியைத் தளர்த்தினால் நான் சுற்றுவதை நிறுத்திவிடுவேன். சொல்லத் தேவையில்லை, அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு வாரமும் பிரானி மதிப்பெண் எழுதுங்கள். ஷஃபீக் பிரானி, உகாண்டாவில் பிறந்த கனடா எலும்பு நிபுணர். அவர் அளவுகோலில் ஆறு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, அரை, 1. மொத்தம் 6 என்றால் மிகக் கடுமை. வாராவாரம் எண் இறங்க வேண்டும். மூன்று நான்கு பிளாஸ்டர் போட்டும் இறங்காவிட்டால் அடுத்ததைப் போடாதீர்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள். குட்டையாக, கொழுத்து, உள்ளங்காலின் குறுக்கே ஆழமாக ஒரு மடிப்பு விழுந்து, பெருவிரல் மேலே நிற்கிற பாதமென்றால் பிடிக்கும் முறையே வேறு.

பயிற்சியைவிட எனக்குக் கவலை தருவது எம்.ஓ.க்களின் இடமாற்றம். கை பழகிய நேரத்தில் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு முதல் பிளாஸ்டரிலிருந்து கடைசி வரை ஒரே கை பிடிப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

எங்க பிள்ளைக்கு டாக்டர் போடலை, பிசியோதான் போட்டாரு. பரவாயில்லையா?

பயிற்சி எடுத்தவர் என்றால் பரவாயில்லை. பிரிட்டனில் பிசியோக்கள் நடத்தும் பொன்செட்டி கிளினிக்குகள் உண்டு. மலாவியில் டாக்டர் அல்லாத மருத்துவ அலுவலர்களே கற்றுக்கொண்டு செய்கிறார்கள். பட்டத்தைவிடக் கட்டைவிரல்தான் இங்கே கணக்கு. அடுத்த கேள்வியில் வரும் வேலைக்கு மட்டும் டாக்டர் வேண்டும் என்பது நம் ஊர் நடைமுறை.

கடைசியில குதிகால் நரம்பை வெட்டணும்னு சொல்றாங்க. அப்ப இதுவும் ஆப்பரேஷன்தானே? வெட்டவே மாட்டோம்னு சொன்னீங்களே?

பிடித்துவிட்டீர்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டொன்பது பேருக்கு இது தேவைப்படும். பாதம் வெளியே நன்றாகத் திரும்பிய பிறகும் குதிகால் மேலேயே நின்றால், குதிகாலின் பின்னால் இருக்கும் தடித்த தசைநாரை மெல்லிய கத்தியால் தோல்வழியாகக் குத்தி அறுப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போதும். சில இடங்களில் மயக்க மருந்து கொடுப்பார்கள். சில நிமிட வேலை. தையல் கிடையாது. பிறகு 3 வாரத்துக்கு ஒரே பிளாஸ்டர். அதற்குள் தசைநார் தேவையான நீளத்தில் திரும்ப வளர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

மாமாவுக்கு நடந்தது பாதத்தின் மூட்டுகளையே திறந்த அறுவை. இங்கே எந்த மூட்டையும் திறப்பதில்லை. முதல் வைத்தியத்தில் பயிற்சி பெற்ற அறுவை நிபுணர் கத்தியை எடுக்கும் ஒரே இடம் இது. இதைத் தவிர்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் பிளாஸ்டராலேயே குதிகாலை இறக்கப் பார்ப்பதுதான் தப்பு; மேலே சொன்ன படகு அடி அப்படித்தான் வரும்.

கால் நேராயிடுச்சு, பார்க்க அழகா இருக்கு. இன்னும் ஏன் நாலு வருசம் அந்தக் கம்பிச் சப்பாத்து?

பாதத்தை உள்ளே இழுத்த நார்களின் சுபாவம் மாறவில்லை. பிள்ளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகளில் திரும்ப இழுக்கும். அதனால் இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் மாட்டி, வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 டிகிரி வெளியே பார்க்கிற மாதிரி வைப்பார்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அதன் பிறகு தூங்கும்போது மட்டும், 4 வயது வரை. டாக்டரின் கை வேலை இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் அம்மா அப்பா கையில்தான். வளைபாதம் திரும்ப வருவதற்கு முதல் காரணம் சப்பாத்தை விட்டுவிடுவது.

ராத்திரியெல்லாம் அழுது. பக்கத்து வீட்டுல சத்தம் போடுறாங்க. கொஞ்ச நாள் கழட்டி வைக்கலாமா?

வேண்டாம். முதல் சில ராத்திரி அழுகை பழக்கமின்மையால் வருவது. ஒருநாள் கழற்றினால் மறுநாள் இன்னும் பலமாக அழும். காலை ஒவ்வொன்றாக உதைக்க முடியவில்லை என்பதுதான் அதன் கோபம். பகலில் கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கம்பியில் பழைய துணியைச் சுற்றுங்கள்; பிள்ளைக்கும் அடிபடாது, உங்கள் தாடையும் தப்பும். சாரோங் தொட்டிலில் கம்பி துணியில் மாட்டிக்கொண்டு பாதத்தை முறுக்கும், அதனால் பாயிலோ கட்டிலிலோ படுக்க வையுங்கள்.

அழுகை நிற்கவே இல்லையென்றால் சப்பாத்தைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறைந்தால் சரி. கொப்புளமோ புண்ணோ இருந்தால் குதிகால் உள்ளே இறங்காமல் வழுக்குகிறது. பல சப்பாத்துகளில் பின்பக்கம் ஓட்டை இருக்கும், அதன் வழியாகக் குதிகால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நடுவாரை இறுக்குங்கள். புண்ணுக்கு கிளினிக் போங்கள்.

சப்பாத்து ஒழுங்காத்தான் போட்டோம். மூணு வயசுல திரும்ப உள்ளே திரும்புது. டாக்டர் சரியா செய்யலையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குத் திரும்பும். மறுபடி சில பிளாஸ்டர் போட்டால் பல பிள்ளைகளுக்குச் சரியாகும். நடக்கும்போது பாதம் உள்பக்கம் சுழன்றுகொண்டே இருந்தால், இரண்டரை வயதுக்கு மேல், முன்காலின் ஒரு தசைநாரைப் பாதத்தின் நடுப்பக்கம் மாற்றி வைக்கும் அறுவை உண்டு. அதுவும் பொன்செட்டி முறையின் பகுதிதான், தோல்வியாக நினைக்காதீர்கள்.

பிள்ளை ஓடுவானா? காற்பந்து ஆடுவானா?

ஆடுவான். நடக்க ஆரம்பிப்பது சற்றுப் பிந்தலாம். ஒரு காலில் மட்டும் இருந்தால் அந்தக் கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்தும் பாதம் கொஞ்சம் சின்னதாகவும் இருக்கும்; பிளாஸ்டரால் சூம்பியது அல்ல, வளைபாதத்தோடு வந்தது. அமெரிக்கக் காற்பந்து வீராங்கனை மியா ஹாம் வளைபாதத்தோடு பிறந்தவர். 1996-லும் 2004-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியில் ஆடினார்.

எங்க டாக்டருக்கு இந்த முறை தெரியுமான்னு எப்படிக் கேட்கறது? மரியாதையில்லாம இருக்காதா?

நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். “டாக்டர், இது பொன்செட்டி முறைதானே?” என்று கேளுங்கள். “இன்னைக்கு மதிப்பெண் எத்தனை, போன வாரம் எத்தனை?” என்று கேளுங்கள். பிளாஸ்டர் தொடை வரை வருகிறதா, முழங்கால் மடங்கியிருக்கிறதா, ஒருவர் பிடிக்க இன்னொருவர் சுற்றுகிறாரா என்று கண்ணால் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டாலோ, பிறந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் பெரிய அறுவைக்குத் தேதி கொடுத்தாலோ, குழந்தைகள் எலும்பு நிபுணரிடம் இன்னொரு கருத்துக் கேட்கக் கடிதம் வேண்டும் என்று சொல்லுங்கள். கடிதம் கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.